பின்புறம் தாழும் பிக்-அப் வண்டி: பிளேட்டு கூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

சென்ற ஆண்டு அடி அண்ணாமலையில் ஒரு விவசாயியின் மாந்தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர் ஆதலால் அவருடைய வண்டி எங்கே போவதானாலும் நடைபயணிகளுக்கு நடுவேதான் போக வேண்டும். கன்றுகளைப் பார்த்து, உரம் பற்றிப் பேசி முடித்தபின், "ஐயா, இன்னொரு சந்தேகம், இது செடியைப் பற்றியது அல்ல" என்று தயங்கியபடி தமது பிக்-அப் வண்டியினிடம் அழைத்துச் சென்றார்.

கோடையில் கன்றுகளுக்கு நீர் விட ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை வண்டியில் வைத்திருந்தார். தொட்டி நிரம்பினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முகம் வானத்தைப் பார்த்தது. ஒரு பட்டறையில் கேட்டதற்குப் பக்கத்திற்கு மூன்று பிளேட்டு வீதம் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நீர் ஏற்றினாலும் வண்டி மட்டமாக நின்றது. ஆனால் வெறும் வண்டியாக ஓட்டினால் குதித்தது. சந்தைக்குக் கொண்டுபோன தக்காளியில் அடிப்பெட்டிகள் நசுங்கின. இவற்றைச் சொல்லிவிட்டுச் சற்றுக் குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதுதான் முக்கியமானது. ஒரு மாலை நிறைதொட்டியுடன் வரும்போது கிரிவலம் வந்த மூதாட்டி ஒருவர் பாதையைக் கடந்திருக்கிறார். பிரேக் மிதித்தும் வண்டி வழக்கமான தூரத்தில் நிற்கவில்லை. ஒரு முழம் இடைவெளியில் தப்பியது. "பிரேக்கைப் பிரித்துப் பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

பிரேக்கில் பழுது இல்லை என்பது உண்மையே. பழுது எங்கே இருந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. 2005-இல் ஏஸ் வண்டியும் 2011-இல் தோஸ்த் வண்டியும் வந்தபின், மாட்டுவண்டி செய்த வேலையில் பெரும்பகுதியைச் சிறு பாரவண்டிகளே செய்து வருகின்றன. ஆயினும் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு கணக்கு, இவ்வண்டிகளை ஓட்டுபவர்கள் பலருக்கு மறந்து போய்விட்டது.

வெறும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யலாகாது

பாரவண்டி வெறுமையாக நிற்கும்போது அதன் பின்புறம் சற்று உயர்ந்திருப்பது இயல்பு. பாரம் ஏற்றியபின் தாழ்ந்து மட்டத்திற்கு வர வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். எனவே அனுமதிக்கப்பட்ட பாரத்துடன் வண்டி நாலைந்து விரற்கடை தாழ்ந்தால் அது நோயன்று. தாழ்ந்து, சேசிசின் அடியிலுள்ள ரப்பர்க் கட்டையில் அச்சு போய் முட்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தாலோ, சென்ற ஆண்டு இதே பாரத்திற்குத் தாழ்ந்ததைவிட இப்போது அதிகம் தாழ்ந்தாலோதான் வைத்தியம் தேவை.

இதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நெற்களம் போன்ற மட்டமான இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களில் சரியான அளவு காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களுக்கும் அளவெடுக்கவும். வெறும் வண்டிக்கு ஒரு முறை, வழக்கமான பாரத்துடன் ஒரு முறை என எட்டு அளவுகளையும் ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்று குறைவதும் தேய்வதும் கணக்கைக் கெடுக்கும். ஆகவேதான் சக்கர நடுவிலிருந்து அளக்கச் சொல்கிறோம். நமது விவசாயியின் வண்டியில் இடப்பக்கப் பின்புறம் வலப்பக்கத்தைவிட இரண்டு செ.மீ. தாழ்ந்திருந்தது. மூன்று பிளேட்டு கூட்டியபிறகும் அவ்வாறே இருந்தது. இதுவே முதல் தடயம்.

அடுத்து எடைமேடைக்குச் செல்ல வேண்டும். மொத்த எடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. முதலில் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, பிறகு முழு வண்டிக்கும் ஓர் எடை எடுக்கவும். வித்தியாசமே பின் அச்சின் பாரம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடைக்கும் வெறும் வண்டி எடைக்கும் உள்ள வித்தியாசந்தான் நாம் ஏற்றத்தகும் எடை. அதில் ஓட்டுநரும் உடன் செல்பவரும்கூட அடக்கம் என்பதை மறவாதீர்கள். நீர் லிட்டருக்கு ஒரு கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை 40 கிலோ. இவற்றை எண்ணிக் கணக்கிடலாம். நனைந்த தொழு உரமும் ஈர மணலும்தான் ஏமாற்றுபவை. பாடியின் பாதியளவே இருந்தாலும் வண்டி தாங்கும் எடையைத் தாண்டிவிடக்கூடும்.

முன்பாரமும் பின்பாரமும்

என் தந்தையார் மாட்டுவண்டியில் நெல் ஏற்றும்போது, கடைசி இரண்டு மூட்டைகளை வைக்குமுன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளினாலே நுகம் இறங்கிவிடும். எடை மாறுவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது.

பிக்-அப் வண்டிக்கும் இதே கணக்குதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் தூரம் என்று கொள்வோம். நமது விவசாயி தொட்டியைப் பின்கதவை ஒட்டி வைத்திருந்தார். குழாய் எளிதில் கன்றுக்கு எட்ட வேண்டும் என்பதே காரணம். தொட்டியின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 45 செ.மீ. பின்னால் இருந்தது. தொட்டியும் நீருமாக 1,030 கிலோ. ஆனால் பின் அச்சின் மேல் ஏறிய பாரம் 1,030 அல்ல, 1,184 கிலோ. மிகுதியான 154 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்து கழிந்து வந்தது. அதாவது தொட்டி பின்னால் நெம்பியதால் முன்புறம் அந்த அளவுக்கு இலேசாயிற்று. பாதி பிரேக் வேலைக்குமேல் செய்வது முன்சக்கரங்களே. அவை தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிரேக் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பயன் குறையும். ஸ்டியரிங்கும் இலேசாகி, வளைவில் வண்டி நேரே போகப் பார்க்கும்.

தொட்டியை 90 செ.மீ. முன்னே நகர்த்தச் சொன்னேன். இப்போது அதன் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 45 செ.மீ. முன்னால் வந்தது. பின் அச்சின் பாரம் ஏறத்தாழ 875 கிலோவாகக் குறைந்தது. ஏறத்தாழ 310 கிலோ, ஒரு ரூபாய் செலவில்லாமல், பின்னிருந்து முன்னுக்குப் போயிற்று. எடைமேடைச் சீட்டைப் பார்த்த அவர் மேடைக்காரரிடம் திரும்பவும் ஒரு முறை எடை போடச் சொன்னார்! குழாய்க்கு ஒரு மீட்டர் கூடுதல் நீளம் வாங்க வேண்டியிருந்தது, செலவு அவ்வளவே.

தொட்டி நகராதபடி முன்னும் பின்னும் சட்டம் அடித்துக் கட்டுவது கட்டாயம். பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைந்து வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும். கூடியவரை நிரப்பியோ, காலியாகவோ ஓட்டுவது நல்லது. ஜவ்வாது மலைப் பாதை போன்ற ஏற்றங்களில் செல்வோர், ஏற்றத்தில் பாரத்தின் அழுத்தம் மேலும் பின்னுக்குப் போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய பிளேட்டுகளைச் சோதித்தல்

பாரம், இடம் இரண்டும் சரியாக இருந்தும் வண்டி தாழ்ந்தால் பிளேட் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். நமது விவசாயியின் வண்டியில் இடப்பக்கம் இரண்டாவது பிளேட்டு சென்டர் போல்ட்டுத் துளையில் இரண்டாக உடைந்திருந்தது. பிளேட்டுகள் பெரும்பாலும் உடையும் இடங்களில் இது ஒன்று. கட்டின் நடுவில் யூ போல்ட்டுகளுக்கிடையே மறைந்திருப்பதால் வெளியே தெரிவதில்லை. உடைந்த பிளேட்டை உள்ளே வைத்துக்கொண்டே மேலே மூன்று பிளேட்டு கூட்டியிருக்கிறார்கள். காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் கம்பளி போர்த்துவது போன்றது இது.

உடைந்த பிளேட்டை வெல்டிங் வைத்து ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பிளேட்டு சாதாரண இரும்பன்று. சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த வில் எஃகு. அதைச் செஞ்சூடாகக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தி வில்தன்மை ஏற்றுகிறார்கள். வெல்டிங் சூடோ, கேஸ் விளக்குச் சூடோ பட்டால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது வளைந்தால் நிமிராது, அல்லது ஓரத்தில் விண்டு போகும். தளர்ந்த பிளேட்டுகளைக் குளிர்ந்த நிலையில் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. இதில் செலவு குறைவு. ஆனால் களைத்த எஃகு மறுபடியும் தாழும். ஓரிரு பருவத்திற்கு ஓட்டினால் போதும் என்பவர்களுக்கு ஏற்றது. நெடுநாள் வைத்திருக்கும் வண்டியானால் கம்பெனி அளவில் புதிய பிளேட்டு போடுவதே சிக்கனம். எது செய்தாலும் இரு பக்கமும் சேர்த்தே செய்க.

ஷேக்கிள் புஷ் தேய்ந்திருக்கிறதா, ஷேக்கிள் துருவேறி அசையாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஷாக் அப்சார்பர் மாற்றினால் வண்டி உயரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சாதாரண ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை.

உயர்த்துவதற்குரிய வழிகள்

இவ்வளவும் பார்த்தபிறகும் ஆண்டில் பல மாதம் முழுப் பாரம் ஏற்றுகிறவர்களுக்குக் கூடுதல் துணை தேவைப்படலாம்.

ஒரு பிளேட்டு கூட்டுவது எளிய வழி. ஒரே கனமுள்ள ஐந்து பிளேட்டுகளுடன் அதே கனத்தில் ஆறாவது சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும்; பாரத்திற்குத் தாழும் அளவு ஆறில் ஒரு பங்கு குறையும். இதுவே பலருக்குப் போதுமானது. கனமான பிளேட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. எட்டு மி.மீ. பிளேட்டுக்குப் பதில் பத்து மி.மீ. போட்டால் அந்த ஒரு பிளேட்டின் விறைப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். பக்கத்திற்கு மூன்று என்பது வண்டியைக் கட்டைவண்டியாக்குவது. தக்காளி, வாழை, முட்டை, பூ ஏற்றுவோருக்கு இது நேரடி நட்டம். குறைந்த பாரத்துடன் விறைத்த வண்டி ஓடும்போது அதிர்வு முழுவதும் சரக்குக்கே போகிறது. பின் அச்சுக்குப் பின்னால் வைத்த பெட்டிகளே அதிகம் அடிபடும். மெல்லிய சரக்கை எப்போதும் கேபினை ஒட்டி வைக்கவும்.

போகும்போது பாரம், வரும்போது வெறும் வண்டி என்று ஓட்டும் விவசாயிக்கு நான் சொல்வது ஹெல்பர் பிளேட்டுதான். இது பிரதானக் கட்டின் மேலே தனியே நின்று, வண்டி குறிப்பிட்ட அளவு தாழ்ந்தபின் மட்டுமே சேசிசிலுள்ள தாங்கியில் பட்டுப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். வெறும் வண்டியில் அது இருப்பதே தெரியாது. உங்கள் வண்டியின் மாதிரிக்கு ஏற்ற தாங்கி கிடைக்கிறதா என்று விசாரித்துச் செய்க.

ரப்பர் அல்லது பாலியூரித்தேன் குமிழ்களை அச்சுக்கும் சேசிசுக்கும் இடையே வைப்பதும் இதே தத்துவந்தான். அழுத்த அழுத்த விறைப்பு கூடும், பராமரிப்பு ஏதுமில்லை. ஆனால் அதற்குப் பதிலாகப் பழைய டயர்த் துண்டையோ மரக்கட்டையையோ சொருகுவது சேசிசில் விரிசல் உண்டாக்கும் வேலை.

காற்றுப்பைகளும் வந்துள்ளன. பாரம் ஏற்றியபின் டயருக்கு அடிப்பது போலக் காற்று அடித்து மட்டத்திற்குக் கொண்டுவரலாம், இறக்கியபின் குறைத்துவிடலாம். சரக்குக்கு இதமானது இதுவே. வலப்பை, இடப்பை இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். வெறும் வண்டியிலும் தயாரிப்பாளர் குறித்த குறைந்தபட்சக் காற்று இருந்தாக வேண்டும். இல்லையேல் பை மடிந்து கிழியும். விலை அதிகம், கல் தெறிக்கும் வண்டிப்பாதையில் காப்பும் தேவை என்பதால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அச்சுக்கும் பிளேட் கட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது ஒரு முறை. பிளேட் கட்டு அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கே இது பொருந்தும். இதனால் உயரம் கூடுமேயன்றி பாரம் தாங்கும் திறன் ஒரு கிலோகூடக் கூடாது. முறுக்கம் அதிகமாகிப் பிளேட்டு வளையும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவது ஆபத்து. நீளமான ஷேக்கிள் போடுவதும் அத்தகையதே. ஷேக்கிளில் இரண்டு அங்குலம் கூட்டினால் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலமே உயரும். அதோடு டிஃபரன்ஷியலின் மூக்கு மேல்நோக்கித் திரும்பி, ஜாயின்ட் ஷாஃப்ட் அதிரத் தொடங்கும். விவசாய வண்டிக்கு இவ்விரண்டும் வேண்டாம்.

பிரேக் வால்வு என்னும் காவலாளி

இனி அந்த ஒரு முழத்துக் கதைக்கு வருவோம். பல பிக்-அப் வண்டிகளில் சேசிசில் ஒரு சிறு வால்வும், அதிலிருந்து பின் அச்சு வரை ஒரு நெம்புகோலும் இருக்கும். பின்புறம் தாழ்ந்தால் வண்டியில் பாரம் இருக்கிறது என்று உணர்ந்து, பின்சக்கரப் பிரேக்குக்கு அது அதிக அழுத்தம் அனுப்பும். பின்புறம் உயர்ந்திருந்தால் வெறும் வண்டி என்று எண்ணி, சக்கரம் இறுகிச் சறுக்காதிருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். மூன்று பிளேட்டுகள் வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்ததால், ஒரு டன் நீர் இருந்தும் வால்வு அதை வெறும் வண்டி என்றே கணக்கிட்டது. பின் பிரேக்கை வால்வு குறைத்துவிட்டது. முன்சக்கரங்களைத் தொட்டி இலேசாக்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் எந்தப் பாகத்திலும் குறை தெரியாது. ஆகவே பின்புற உயரத்தை எவ்வகையில் மாற்றினாலும், கம்பெனிக் கையேட்டின்படி இந்த நெம்புகோலைச் சரிசெய்து, பிரேக் ஹோஸ், கைப்பிரேக் கேபிள் ஆகியவை இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

விளக்கையும் சொல்லியாக வேண்டும். மூன்று மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள வண்டியில் பின்புறம் ஐந்து செ.மீ. தாழ்ந்தால், முப்பது மீட்டர் தூரத்தில் முகப்பு வெளிச்சம் அரை மீட்டர் உயரும். எதிரே நடந்து வருபவரின் கண்ணில் போய் அது விழும். தரையோ இருட்டாக இருக்கும். இரவிலும் விடியற்காலையிலும் நடப்போர் மிகுந்த அடி அண்ணாமலை போன்ற ஊரில் இது சிறிய காரியம் அன்று.

பிளேட்டு கூட்டினால் அதிகம் ஏற்றலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பிளேட்டு ஒன்றுதான் பலப்படுகிறது. அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையபடியேதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபின், அதிகப் பாரத்திற்கு ரூ.20,000-மும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் அபராதம் என்று 194-ஆம் பிரிவு கூறுகிறது. ஆர்.சி.யில் பதிந்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

நமது விவசாயியின் வண்டியில் கூட்டிய பிளேட்டுகள் ஆறையும் கழற்றினோம். இரு பக்கமும் இரண்டாம் பிளேட்டு புதிதாகப் போடப்பட்டது. வால்வின் நெம்புகோல் பழைய அளவுக்குத் திரும்பியது. தொட்டி முன்னே நகர்ந்துவிட்டதால், நிறைதொட்டியுடன் வண்டி கிட்டத்தட்ட மட்டமாகவே நின்றது. ரப்பர்க் கட்டைக்கும் அச்சுக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தது. ஹெல்பர் பிளேட்டு கேட்டிருந்தார்; இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கழற்றிய பிளேட்டுகளில் ஒன்றைக் கொல்லரிடம் கொடுத்துக் களைக்கொத்து அடித்துக்கொண்டதாகப் பின்னர் தெரிவித்தார். நல்ல எஃகு, வீணாகவில்லை.

பட்டறையில் கடைசியாகக் கேட்க வேண்டியது யூ போல்ட்டைப் பற்றி. கழற்றிய பழைய யூ போல்ட்டுகள் நீண்டு போயிருக்கும். புதியவையே போட வேண்டும். நான்கு நட்டுகளையும் ஒரேயடியாக இறுக்காமல் குறுக்குக்குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கச் சொல்லவும். வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இறங்கிய நிலையில் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் பட்டறைக்குச் சென்று இறுக்கிக்கொள்ளவும். யூ போல்ட்டு தளர்ந்தால் முதலில் வெட்டுப்படுவது சென்டர் போல்ட்டு. அது வெட்டுப்பட்டால் பின் அச்சு இடம் பெயர்ந்து, வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் ஓடும்.